குதிர் நிறுத்தத்தில் இறங்குகிறவர்

வெலாபி மஹ்லாங்குவைப் பற்றிப் பேச எனக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் இல்லை. பெத்தல் வேன் ஸ்டாண்டில் நான் மாவுருண்டை பொரித்து விற்கும் இடத்துக்கும் அவனுடைய மஞ்சள் வேன் நிற்கும் இடத்துக்கும் நடுவே ஒரு குப்பைத்தொட்டி மட்டும்தான். அவன் இருமினால்கூட எனக்குக் கேட்கும். பெண் கேட்டுப் போன வீட்டில் வாங்கிய திட்டு முதல் கியர்பாக்ஸ் உடைந்த கதை வரை அவனைப் பற்றி எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மண்ணும் தெரியாது என்று அந்த ஆகஸ்ட் மாதம் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் மேலே மக்காச்சோளம், கீழே நிலக்கரி. சோளம் போடுகிறவனும் கரி எடுக்கிறவனும் மாறி மாறி நிலத்தைப் புரட்டியதில் பழைய அடையாளம் எதுவும் இருந்த இடத்தில் இல்லை. போன வருடம் மாதா கோயில் இருந்த இடத்தில் இந்த வருடம் பள்ளம். வெலாபிக்கு அது பொறுக்காது. பெத்தலிலிருந்து டேவல் வழியாக எர்மெலோவுக்கு வண்டி ஓட்டுகிறவன், கிளம்பியதும் வழியில் இருப்பதையும் இல்லாததையும் சொல்ல ஆரம்பித்துவிடுவான்.

"இதோ கரிமேடு. அதுக்குப் பின்னாடி தைலமரத் தோப்பு இருந்துச்சு, வெட்டிட்டானுங்க. இந்த வளைவுல பழைய கசாப்புக் கடை."

"அண்ணே, எங்களுக்கும் கண்ணு இருக்கு" என்பார்கள் பின்னாலிருந்து.

"கண்ணு இருந்தா நேத்து ஏன்டா டேவல்ல இறங்காம எர்மெலோ வரைக்கும் குறட்டை விட்டே?"

இந்தப் பழக்கம் அவனுக்கு வந்தது இன்னொரு வேலையால். வெளியூரில் உயிர் போனவரை வீட்டுக்குக் கூட்டிவருவதற்கு அவனைத்தான் தேடி வருவார்கள். உடம்பைப் புதைத்துவிட்டாலும் ஆவி செத்த இடத்திலேயே நிற்கும். வீட்டார் காட்டு இலந்தைக் கிளையோடு போய்க் கூப்பிட்டு அழைத்து வர வேண்டும். வண்டியில் செத்தவருக்கு ஒரு சீட்டு. வழியில் வரும் ஊர், பாலம், திருப்பம் எல்லாவற்றையும் கிளை பிடித்தவர் அவருக்குச் சொல்லிக்கொண்டே வர வேண்டும். சொல்லாமல் விட்ட இடத்தில் அவர் நின்றுவிடுவார். வீடு போய்ச் சேரும்வரை கிளை பிடித்தவர் உயிரோடிருக்கும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. அதற்காகத்தான் வெலாபி என்னையும் கூட்டிப் போவான். போலீஸ் நிறுத்தினால், யாராவது வழி கேட்டால், பதில் சொல்வது என் வேலை. "உங்களுக்கு வாய் அடங்காதுல்ல மாந்தூலி, அதுக்கு ஒரு வேலை வேணாமா?" என்பான். எங்கள் பக்கத்துப் பெண்களைக் கூப்பிடுவது போலவே, எல்லோரும் என்னை அப்பா வீட்டுப் பேரால் மாந்தூலி என்றுதான் கூப்பிடுவார்கள்.

ஒரு தடவை கிளை பிடித்து வந்த வாலிபன் ஒருவன் ஹென்ட்ரினாவில் தூங்கிவிட்டான். எர்மெலோ வந்த பிறகுதான் பாலத்தைச் சொல்லவில்லை என்று தெரிந்தது. வெலாபி உடனே வண்டியைத் திருப்பினான். பாலத்தடிக்குப் போய், அங்கேயே நின்றுவிட்ட அந்த வாலிபனின் செத்துப்போன பெரியப்பாவைத் திரும்ப ஏற்றிக்கொண்டு வந்தோம்.

ஊரார் அப்பன்களையெல்லாம் வீடு சேர்த்தவனுக்குத் தன் அப்பாவைச் சேர்க்க வழியில்லை. அவன் தவழ்ந்துகொண்டிருந்தபோது அப்பா விட்பேங்க் பக்கம் கரிச் சுரங்கத்துக்குப் போனார். போனவர் போனவர்தான். சுரங்கத்தில் செத்துவிட்டார் என்று அம்மா மாஷபாங்கு ஒரு வருடம் கறுப்பு உடுத்தி, பிறகு வழக்கப்படி அதை எரித்தாள். எந்தச் சுரங்கம், எந்தக் குழி, ஒன்றும் தெரியாது. இடம் தெரியாமல் கிளையோடு எங்கே போய் நின்று கூப்பிடுவது? வருடத்துக்கு ஒரு தடவையாவது வெலாபி யாராவது பழைய சுரங்கக்காரனைப் பிடித்துத் துருவுவான். அம்மாவிடம் கேட்டால் ஒரே பதில்.

"கிடக்கிற இடத்துல கிடக்கட்டும். என் கனவுல வரல. உன் கனவுல வந்தாரா?"

வரவில்லை. அதுவே அவனுக்குப் பெரிய வேதனை. அப்பா தன்னை மறந்துவிட்டார் என்று என்னிடம் சொல்லி ஒருநாள் மூக்கைச் சிந்தினான். அவனுக்கு அப்போதே தலை நரைத்திருந்தது.

இங்கே தொப்பிக்காரரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மாதக் கடைசியில் பென்ஷன் வாங்க பெத்தலுக்கு வரும் கிழவர். கோடையிலும் கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்து விட்டிருப்பார். என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மாவுருண்டையைச் சாவகாசமாகத் தின்பார். எர்மெலோ வேன் மூன்று போனாலும் ஏற மாட்டார். மஞ்சள் வேன் வந்தால்தான் எழுந்திருப்பார்.

"என்ன பாபா, அந்த வண்டியில உங்களுக்கு மெத்தை போட்டிருக்கா?" என்று கிண்டல் செய்வேன். சிரிப்பாரே தவிரப் பேச மாட்டார். கடைசி வரிசை, ஜன்னலோரம். வெலாபியின் வழி வர்ணனைக்குத் தலையாட்டிய ஒரே பிரயாணி அவர்தான். டேவலில் கோபுரம் மாதிரிச் சோளக் குதிர்கள் வரிசையாக நிற்கிற நிறுத்தம் வந்ததும், கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவார். அவருக்கு முட்டி வலி. வெலாபியே இறங்கி வந்து கதவைத் திறந்து, கையைப் பிடித்து இறக்கிவிடுவான். குதிரில் காவல் வேலை பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தோம். முந்தின வருடக் குளிரோடு அவர் வருவது நின்றுபோனது. வயசாளி, என்ன ஆனாரோ என்று இரண்டு நாள் பேசிக்கொண்டோம். பிறகு மறந்துவிட்டோம்.

அந்த ஆகஸ்ட் குளிரில் எர்மெலோவிலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கினாள். ஒல்லி, தோளில் ஊக்கு குத்திய கம்பளி, கையில் இலந்தைக் கிளை. பேர் மாசிபன்யோனி. டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"அம்மா, என் வண்டி புதுசு, ஹீட்டர் இருக்கு."

"எனக்கு மஞ்ச வேன்தான் வேணும்" என்றாள். "விட்பேங்க் ஆஸ்பத்திரியில என் வீட்டுக்காரர் செத்தார். உடம்பு எங்கூர்ல இருக்கு. ஆளு கனவுல ரோட்டோரமா வந்து நிக்கிறாரு, வண்டிக்குக் காத்துக்கிட்டு நிக்கிற மாதிரி. கூட்டிட்டு வரணும். அவருக்குக் கடைசி வரிசை ஜன்னல் சீட்டு."

வெலாபிக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றவர்களைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினான்.

ஆஸ்பத்திரிக்குள் நானும் அவளும் போனோம், வெலாபி வண்டியில் இருந்தான். அந்தக் கட்டிலில் இப்போது வேறொருவர் படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "கூட்டிட்டுப் போங்கம்மா, எனக்கும் இடம் தாராளமாகும்" என்று ஒதுங்கிப் படுத்தார். அவள் கிளையால் கட்டிலைத் தொட்டு, "எழுந்திரு, பாபா. வீட்டுக்குப் போகலாம்" என்றாள். அதன் பிறகு அவள் வாய் எங்களுக்கு மூடியது.

திரும்பும் வழியில் வெலாபி ஒவ்வொன்றாகச் சொன்னான், அவள் கிளையிடம் சொன்னாள். ஓகீஸ் ரயில்வே கேட். கரிமேடு. க்ரீல் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். அதுவரை அவள் பேர் சொல்லவில்லை, அப்பாவையும் பெரியவர்களையும் நாங்கள் கூப்பிடுகிற வெறும் பாபாதான். தண்ணீரைத் தாண்டும்போது மட்டும் முழுப் பேரும் அடையாளமும் சொல்லிக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். க்ரீல் தாண்டி ஓடைப் பாலம் வந்தது.

மாசிபன்யோனி குரலை உயர்த்தினாள். "செபானியா மஹ்லாங்கு! டேவல் குதிரடியில பொறந்தவனே! கழுதை கடிச்சு இடது காது பாதி போனவனே! தண்ணி வருது, பயப்படாதே, தாண்டு!"

பாலத்தின் நடுவில் வண்டி நின்றது. என் நெற்றி முன் சீட்டில் இடித்தது. பின்னால் வந்த கரி லாரிக்காரன் ஹாரனை அழுத்தி, எங்கள் அம்மாக்களை எல்லாம் இழுத்துத் திட்டினான். வெலாபி திரும்பினான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

"அம்மா, இப்ப என்ன பேரு சொன்னீங்க? அது எங்கப்பா பேரு. எங்கப்பா காது, அம்மா சொல்லியிருக்காங்க."

அவள் வாயைத் திறந்தாள். நான் பாய்ந்து என் உள்ளங்கையால் அவள் வாயைப் பொத்தினேன்.

"மாந்தூலி, கையை எடுங்க!"

"எடுக்க மாட்டேன்! இந்தம்மா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா மனுஷன் இந்தத் தண்ணியிலயே நின்னுடுவாருடா. உனக்குத் தெரியாதா?"

அவனுக்குத் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும். லாரிக்காரன் இறங்கி வந்துவிடுவான் போலிருந்தது. எப்படியோ வண்டியைப் பாலம் தாண்டி ஓரம் கட்டினான். நான் கையை எடுத்தேன். என் உள்ளங்கை அவள் கண்ணீரில் நனைந்திருந்தது.

ஒரே வழிதான் இருந்தது. அதை அவன்தான் கண்டுபிடித்தான். கண்ணாடியில் அந்தக் காலி சீட்டைப் பார்த்துக்கொண்டு பேசினான். "பாபா, நான் வெலாபி. நீ சுரங்கத்துல செத்துட்டன்னு அம்மா சொன்னாங்க. நீ எங்க இருந்தே?"

மாசிபன்யோனி கிளையை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே சொன்னாள். "கேட்டியா? உனக்குப் பிள்ளை இருக்கானாம். இத்தனை வருஷம் என் கையால கஞ்சி குடிச்சே. மொதல்ல எனக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா, அவ என்னை உயிரோட புதைச்சிட்டான்னு சொல்லுவே. குடிச்சிட்டு உளர்றேன்னு நெனச்சேன். பிள்ளை இருக்குன்னு சொன்னியா?"

"பாபா, நீ எந்த ஊர்ல இருந்தே?"

"எர்மெலோவுல என் வீட்டுலதானே இருந்தே! செத்து ரெண்டு குளிர்காலம்தானே ஆகுது!"

வெலாபி கதவில் ஓங்கிக் குத்தினான். "எர்மெலோவா! நான் தினம் போற ஊரு! பாபா, நான் தினம் வர்ற ஊருல இருந்தியா!"

கிளையிடம் அவள் குரல் தாழ்ந்தது. "பென்ஷனுக்கு பெத்தல் போவே. மத்தவங்க மதியமே வந்துடுவாங்க, நீ வரும்போது பொழுது சாஞ்சிருக்கும். ஏன்னு கேட்டா மஞ்ச வேனுக்குக் காத்திருந்தேன்பே. அதுல என்ன அதிசயம்னு கேட்டேன். டிரைவர் நல்லாப் பேசறான்னு சொன்னே. அதுக்காகத்தானே இந்த வண்டியத் தேடிப் பிடிச்சேன். உனக்குப் பிடிச்ச சீட்டைக் கேட்டு வாங்கினேன். படுபாவி! யாரு அந்த டிரைவர்னு சொன்னியா?"

மாவுருண்டையைச் சாவகாசமாகத் தின்ற அந்த வாய் கண்முன் வந்தது. வெலாபி என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்த்தேன்.

"தொப்பி" என்றான். "காதை மூடிக்கிட்டுத் தொப்பி."

அதன் பிறகு அவன் வழி சொல்லவில்லை. வண்டியை மட்டும் ஓட்டினான். நான்தான் மாசிபன்யோனியின் தோளைத் தொட்டுத் தொட்டு ஞாபகப்படுத்தினேன். பெத்தல் வந்தது, என் கடை இடம் வந்தது, உருளைக்கிழங்குத் தோட்டங்கள் வந்தன, எல்லாவற்றையும் விசும்பலோடு கிளைக்குச் சொன்னாள். டேவலில் குதிர்கள் தெரிந்ததும் கால் பழக்கம், வெலாபி பிரேக் போட்டான். இறங்கி வந்தான். எப்போதும் போலப் பக்கக் கதவைத் திறந்தான். கை நீட்டினான். நீட்டிய கையோடு அங்கேயே நின்று, ஓவென்று அழுதான். நரைத்த தலையோடு ஒரு ஆள் ரோட்டில் நின்று அப்படி அழுததை நான் பார்த்ததில்லை. நானும் அழுதேன், அந்தம்மாவும் அழுதாள். பிறகு கதவைச் சாத்திவிட்டு எர்மெலோவுக்கு ஓட்டினான்.

மாசிபன்யோனி கிளையை வீட்டின் பின்மூலையில், முன்னோர்களுக்கான இடத்தில் வைத்தாள். வேலை முடிந்தது, இனி அவள் எங்களிடம் பேசலாம். வெலாபி அவள் முன்னால் மண்டியிட்டுக் காத்திருந்தான். எத்தனையோ கேள்விகள் அவனுக்கு. அவளோ விறைத்துப்போய் நின்றாள்.

"குதிர்கிட்ட" என்றாள், "குதிர்கிட்ட நாம யாராவது அவர்கிட்டச் சொன்னமா?"

யாருமே சொல்லவில்லை. சொல்லாதது மட்டுமா, கதவை வேறு திறந்து வைத்தோம். அவர் எப்போதும் இறங்குகிற இடத்தில் மகன் வந்து கையும் நீட்டினான். இறங்காமல் என்ன செய்வார்? வாய்க்கு வேலை என்று கூட்டிப் போன என் வாய் அப்போது எங்கே போயிருந்தது?

மாசிபன்யோனி கிளையை எடுத்து வெலாபியின் கையில் வைத்தாள். "நான் கூப்பிட்டா வர மாட்டாரு. நீ கூப்பிடு. எந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதுன்னு நீயே முடிவு பண்ணு. நான் கோவப்பட மாட்டேன்."

அன்று சாயங்காலமே டேவலுக்குத் திரும்பினோம். குதிர்களுக்கு நேர் எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம் அவன் அம்மா வீடு. மாஷபாங்கு வாசலில் உட்கார்ந்து சோளக்கதிர் உரித்துக்கொண்டிருந்தாள். மகன் கையில் கிளையைப் பார்த்ததும் உரிப்பதை நிறுத்தினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே தூக்கிவாரிப்போட்டது.

"உனக்குத் தெரியுமாம்மா?"

"நீ அந்த வேனை வாங்கின வருஷம் வந்தாரு" என்றாள். "அந்த வேலிக்கு வெளிய நின்னாரு. அதுவரைக்கும் ஒரு காசு, ஒரு சேதி கிடையாது. நான் உனக்காக ஒரு வருஷம் கறுப்பு உடுத்தி எரிச்சிட்டேன், ரெண்டாந்தடவை உடுத்த மாட்டேன்னு அவர்கிட்டச் சொன்னேன். பிள்ளையப் பாக்கணும்னு அழுதாரு. செத்தவன் செத்தவனாவே இரு, வேணும்னா அவன் வண்டியில ஏறிப் பாத்துக்கோ, ஆனா வாயைத் திறந்தேன்னா அன்னிக்கே அவன்கிட்ட உன்னைப் பத்தி எல்லாம் சொல்லுவேன்னேன். சத்தியம் பண்ணிட்டுப் போனாரு."

"அம்மா, நான் அவர் கையைப் பிடிச்சு இறக்கி விட்டேன். ஒவ்வொரு மாசமும்."

"தெரியும். இங்க உக்காந்து பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன். நீ போனதும் அந்தக் கல்லு மேல உக்காந்து இந்த வீட்டையே பாப்பாரு. அப்புறம் வேற வண்டி பிடிச்சுப் போவாரு."

எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது, மடியில் போட்டுக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

"இங்க கூட்டிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

"வேணாம்" என்றாள். கதிரை எடுத்து மறுபடி உரிக்க ஆரம்பித்தாள்.

தானே கிளை பிடிக்க வேண்டியிருந்ததால், மறுநாள் காலை வெலாபி ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவரை அழைத்து வந்து மஞ்சள் வேனின் சாவியைக் கொடுத்தான். "குதிர்லேர்ந்து பெத்தல், அங்கேர்ந்து க்ரீல், ஹென்ட்ரினா, அப்படியே சுத்திக்கிட்டு எர்மெலோ போ."

"குதிர்லேர்ந்து எர்மெலோ நேர் ரோடுதானேண்ணே? கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

"நேர் ரோடு பத்தாதுடா. எனக்கு அவர்கிட்ட நெறையச் சொல்ல வேண்டியிருக்கு."

பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் போய்க் கிளையால் தரையைத் தொட்டு, செபானியா மஹ்லாங்கு என்று முழுப் பேரும் சொல்லிக் கூப்பிட்டான். குரல் உடைந்தது, மறுபடி கூப்பிட்டான். கதவு வரை நடத்திக் கூட்டி வந்து, கடைசி வரிசை ஜன்னலோரத்தைக் காலியாக விட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான். இனி எர்மெலோ வரும்வரை எங்கள் யாரிடமும் அவன் பேச முடியாது. நான் கதவைச் சாத்தப் போனேன்.

மாஷபாங்கு ரோட்டைக் கடந்து வந்துகொண்டிருந்தாள். புடைத்துக்கொண்டிருந்த முறம் கையிலேயே இருந்தது. மகனைப் பார்க்கவில்லை. வண்டிக்குள் தலையை நீட்டி, அந்தக் காலி சீட்டைப் பார்த்தாள்.

"செபானியா" என்றாள். "சத்தியம் போதும். இனிமே அவன்கிட்டப் பேசு."

வெலாபி வாயைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டான். நான் கதவைச் சாத்தினேன்.